மண்ணில் குத்தும் பந்து

பேஸ்பால் மைதானத்தில் ஒரு அணிக்கு ஒன்பது பேர் இறங்குவார்கள். எட்டுப் பேர் பேட்டரைப் பார்த்து நிற்பார்கள். ஒருவர் மட்டும் அந்த எட்டுப் பேரையும் பார்த்தபடி பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடப்பது அவருக்குத்தான். அவர்தான் கேட்சர்.

அமெரிக்கா வந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் குடியேறிய புதிதில் நானும் பந்து போகும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் ஊர்ச் சிறுவர் அணியில் கேட்சராக உட்காரத் தொடங்கிய பிறகு பார்வை மாறிவிட்டது. இப்போது டிவியில் எங்கள் ஊர் ஜெயண்ட்ஸ் அணியின் ஆட்டம் ஓடினாலும் கண் முதலில் தேடுவது கேட்சரின் கையுறையைத்தான். இந்த ஆட்டத்தில் அதிகம் உழைப்பவரும் குறைவாகப் பேசப்படுபவரும் அவர்தான் என்பது என் எண்ணம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே விக்கெட் கீப்பர் ஞாபகம் வருவது இயல்பு. இருவரும் குத்தவைத்து உட்காருகிறார்கள், இருவர் கையிலும் உறை, இருவருமே பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒற்றுமை அதோடு சரி. வேகப்பந்து என்றால் கீப்பர் பல கஜம் பின்னே போய் நின்றுகொள்வார். கேட்சருக்கு அந்தச் சலுகை கிடையாது. 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை, சுழலும் மட்டைக்கு மிக அருகில் உட்கார்ந்து வாங்க வேண்டும். பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. ஒரு ஆட்டத்துக்கு இப்படிச் சுமார் 150 பந்துகள். சீசனில் 162 ஆட்டங்கள். அணியின் முதன்மை கேட்சர் பெரும்பாலும் நூறுக்கு மேல் உட்காருவார். இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. கிரிக்கெட்டில் எந்தப் பந்து போடுவது என்பது வீச்சாளரின் முடிவு. பேஸ்பாலில் எந்தப் பந்து, எந்த இடத்தில் என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் கேட்சர்தான். பிட்சர், அதாவது பந்து எறிபவர், தலையசைத்து மறுக்கலாம், அது வேறு விஷயம்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கும் அடியில் இருக்கும் ஒன்றைப் பற்றி. பிட்சருக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

ரன் எடுக்க மூன்று பேஸ்களைச் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்ப வேண்டும். கடைசியான மூன்றாம் பேஸில் எதிரணி ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கேட்சரைத் தாண்டிப் பின்னால் ஓடினால் அவர் சுலபமாக வந்து ரன் எடுத்துவிடுவார். பேட்டரை வீழ்த்த பிட்சரிடம் இருக்கும் நல்ல ஆயுதமோ, நேராக வருவதுபோல் வந்து கடைசி நேரத்தில் கீழே விழும் பந்து. கர்வ்பால், ஸ்லைடர், ஸ்ப்ளிட்டர் என்று ஆளுக்கு ஒன்று. பிளேட்டை ஒட்டி மண்ணில் குத்தும்போதுதான் அது பேட்டரை முழுசாக ஏமாற்றும். அவர் மட்டையைச் சுழற்றிவிடுவார். பந்து மண்ணில் பட்டுத் தாறுமாறாக எகிறும். அதைத் தடுத்து நிறுத்த ஆள் இருக்கிறார் என்று நம்பினால்தான் பிட்சர் அந்தப் பந்தை முழு மனதோடு போடுவார். நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டாலும் கை தானாகவே அரை அடி உயர்த்திப் போட்டுவிடும். அரை அடி உயர்ந்து வரும் கர்வ்பால் அடிப்பதற்குத் தோதான பந்து. பார்வையாளர் கூட்டத்துக்குள் போய் விழும். ஸ்கோர் புத்தகத்தில் பிட்சர் பெயரில் ஒரு ஹோம் ரன் ஏறும், கேட்சர் பெயரில் ஒன்றும் இருக்காது. பந்து தாண்டிப் போனால் அதைக் குறித்துக்கொள்ள இடம் இருக்கிறது. பயந்துபோய்ப் போடாமல் விட்ட பந்தை எங்கே குறிப்பது?

தடுப்பது என்றால் பிடிப்பது என்று நினைத்திருந்தேன். மகனின் பயிற்சியைப் பார்த்துத்தான் புரிந்தது. சனிக்கிழமை காலைகளில் பயிற்சியாளர் பையன்களைக் கையுறையைக் கழற்றிவைக்கச் சொல்வார். கவசம் மட்டும் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் சற்றுத் தள்ளி நின்று பந்தை மண்ணில் குத்தி எறிவார். முதலில் மெத்தென்ற பந்து, பழகிய அப்புறம் நிஜப் பந்து. பையன் இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு, தோள்களை முன்பக்கம் வளைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, பந்தை நெஞ்சில் வாங்க வேண்டும். பிடிக்கப் பார்க்காதே, உன்மேல் பட விடு என்பதுதான் பாடம். பட்ட பந்து துள்ளி ஓடாமல் முன்னால் ஓரடி தூரத்தில் விழ வேண்டும். நெஞ்சை விறைத்துக்கொண்டால் பந்து எங்கோ எகிறிவிடும். மூச்சை வெளியே விட்டு உடம்பைத் தளர்த்தினால் அதன் வேகம் அங்கேயே அடங்கும். முகத்தை மட்டும் திருப்பக் கூடாது. திருப்பினால் கழுத்திலோ காதோரத்திலோ படும். மாஸ்க் காப்பது நேராகப் பார்ப்பவனைத்தான்.

வேகமாக ஒன்று நம்மை நோக்கி வந்தால் ஒதுங்கச் சொல்வது உடம்பின் இயல்பு. அந்த இயல்பை அடக்கிப் பழக வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் மறுபடி மறுபடி முழங்காலில் விழுந்து இதைச் செய்வதைப் பார்க்க எனக்கு வயிறு கலங்கும். பெருமையாகவும் இருக்கும்.

தடுக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு டாட்ஜர்ஸ் அணியின் கேட்சர் மிக்கி ஓவனைச் சொல்வார்கள். 1941 உலகத் தொடர் (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் போட்டி), நான்காவது ஆட்டம், புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட். டாட்ஜர்ஸ் 4-3 என முன்னிலை. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், தேவையான மூன்று அவுட்டில் இரண்டு ஆகிவிட்டது, பேஸில் ஆளில்லை. ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் சுழற்றித் தவறவிட்ட பந்து, அல்லது அடிக்கத்தக்க இடத்தில் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து; மூன்று ஆனால் அவுட். எதிரணி யாங்கீஸின் டாமி ஹென்ரிக் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையைச் சுழற்றித் தவறவிட்டார். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஹியூ கேசி போட்ட பந்து ஓவனின் கையுறையில் பட்டுத் தெறித்துப் பின்னால் ஓடியது. மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம் என்பது விதி. ஹென்ரிக் ஓடினார். அதன் பிறகு யாங்கீஸ் நான்கு ரன் குவித்து 7-4 என ஜெயித்தது. மறுநாள் தொடரும் முடிந்துவிட்டது. ஓவன் நல்ல கேட்சர், அந்தக் காலத்தின் நம்பகமான கைகளில் ஒன்று. அவர் தடுத்த ஆயிரக்கணக்கான பந்துகளில் ஒன்றைக்கூட இன்று யாரும் சொல்வதில்லை. 2005-ல் அவர் இறந்தபோதும் செய்தித்தாள்கள் நினைவுகூர்ந்தது அந்த ஒரு பந்தைத்தான். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அதற்குப் பின்னால் வந்த நான்கு ரன்னும் கேசியின் பந்துகளில் அடிக்கப்பட்டவை.

எதிர்ப்பக்கம் 1956 இருக்கிறது. யாங்கீஸ் பிட்சர் டான் லார்சன் அந்த உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஆறு ரன் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டும் இரண்டாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை, பாதியில் வெளியேற்றினார்கள். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 8 அன்று, ஐந்தாவது ஆட்டத்தில் அதே லார்சன் 97 பந்துகளில் 27 பேரையும் வரிசையாக வீழ்த்தினார். ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. உலகத் தொடர் வரலாற்றிலேயே அப்படி ஒரு முழுமையான ஆட்டம் அது ஒன்றுதான். கடைசி ஸ்ட்ரைக் விழுந்ததும் கேட்சர் யோகி பெரா ஓடிவந்து லார்சன்மேல் தாவி ஏறிக்கொண்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். அன்று யோகி கேட்ட பந்தைத் தான் ஒருமுறைகூட மறுக்கவில்லை என்று லார்சன் சொன்னார். மூன்று நாள் முன்பு சொதப்பியவர், தன் யோசனையை முழுக்க இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுமனே எறிந்தார். அப்படி ஒப்படைக்க ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

எந்தப் பந்து கேட்பது என்பதில் அவ்வளவு இருக்கிறது. இந்தப் பேட்டர் போன முறை எதற்கு ஏமாந்தார், இப்போது பிளேட்டுக்கு நெருங்கி நிற்கிறாரா விலகி நிற்கிறாரா, இன்றைக்கு நம் பிட்சர் கையில் எது சரியாக வருகிறது, எது வரவில்லை, அவர் முகம் எப்படி இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக இதைத் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டித்தான் சொல்லிவந்தார்கள். ஒரு விரல் என்றால் ஃபாஸ்ட்பால். இரவு ஆட்டங்களில் பிட்சருக்குத் தெரியவேண்டும் என்று நகத்தில் பளிச்சென்ற நிறம் பூசிக்கொண்ட கேட்சர்கள் உண்டு. 2017-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி எதிரணி கேட்சரின் விரல்களைக் கேமராவில் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் பேட்டர்களுக்குச் சேதி சொன்னது பிற்பாடு வெளிவந்து பெரிய அவமானமானது. 2022 முதல் பிட்ச்காம் என்ற கருவி வந்திருக்கிறது. கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். விரல்கள் பெரும்பாலும் போய்விட்டன, யோசனை அப்படியே இருக்கிறது. பிட்சர் தடுமாறும்போது எழுந்து நடந்துபோய், கையுறையால் வாயை மறைத்து நாலு வார்த்தை பேசுவதும் இருக்கிறது. அதற்கும் இப்போது கணக்கு வைத்துவிட்டார்கள். 2024 முதல் ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு நான்கு முறைதான்.

யோகியைச் சொல்லிவிட்டு ஜாஷ் கிப்சனைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கறுப்பினத்தவரை மேஜர் லீக் எனும் பெரிய லீக்குகள் உள்ளே விடாத காலத்தில், நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்ட ஆட்டங்களில் ஹோம்ஸ்டெட் கிரேஸுக்கும் பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸுக்கும் ஆடிய கேட்சர். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் சட்டையோடு மைதானத்தில் இறங்கிவிட்டார். 2024-ல் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் பதிவேட்டில் சேர்த்தபோது வாழ்நாள் பேட்டிங் சராசரியில் கிப்சன் .372 உடன் டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். ரொம்பத் தாமதமான நீதி, ஆனாலும் நீதி. எனக்கு இதில் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. கிராஃபர்ட்ஸில் சாச்சல் பேஜ் எறிந்த பந்துகளை வாங்கியவர் கிப்சன். அவர் என்ன பந்து கேட்டார், எப்படித் தடுத்தார், இளம் பிட்சர்களை எப்படித் தேற்றினார் என்பதைச் சொல்லும் எண் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மட்டையின் கணக்குத்தான் மிஞ்சியது.

உடம்பு படும் பாட்டுக்கு வருகிறேன். தொடக்க காலத்தில் கேட்சருக்குக் கவசமே கிடையாது. 1877 வாக்கில் ஹார்வர்டில் ஃபிரெட் தேயர் என்பவர் வாள்சண்டைக்காரர்கள் அணியும் முகமூடியைப் பார்த்து கேட்சருக்கு ஒரு மாஸ்க் செய்தார். 1907-ல் நியூயார்க் ஜெயண்ட்ஸின் ரோஜர் பிரெஸ்னஹன் கிரிக்கெட் பேடு மாதிரி ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டு வந்தபோது கேலி செய்தார்களாம். இன்று முழங்கால், நெஞ்சு, தொண்டை, தலை எல்லாவற்றுக்கும் கவசம் உண்டு. இருந்தும் ஃபவுல் டிப்பை முழுக்கத் தடுக்க எதனாலும் முடியவில்லை. மட்டையின் விளிம்பில் உரசிய பந்து திசை மாறி, வேகம் குறையாமல் மாஸ்க்கில் வந்து மோதும். தலைக்குள் மூளை குலுங்கும்.

மினசோட்டா ட்வின்ஸின் ஜோ மாவர் அப்படித்தான் இடத்தை இழந்தார். கேட்சராக இருந்துகொண்டே மூன்று முறை லீக்கின் பேட்டிங் சராசரிப் பட்டத்தை வென்றவர். 2013 ஆகஸ்டில் ஒரு ஃபவுல் டிப் தலையில் பட்டது. அடுத்த சீசனிலிருந்து முதல் பேஸைக் காக்கும் இடத்துக்கு மாறிவிட்டார். 2018 செப்டம்பர் 30, அவருடைய கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாரும் எதிர்பாராமல் கேட்சர் கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஒரே ஒரு பந்தை வாங்கினார். அரங்கம் எழுந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். அந்தக் காணொளியை நான் இப்போதும் அழாமல் பார்த்து முடிப்பதில்லை.

எங்கள் ஊர் ஜெயண்ட்ஸ் அணியின் கேட்சர் பஸ்டர் போஸி. 2011 மே 25 அன்று, மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்த மார்லின்ஸ் ஆட்டக்காரர் ஹோம் பிளேட்டில் அவர்மேல் வந்து மோதியதில் கால் எலும்பு முறிந்து கணுக்கால் தசைநார்கள் கிழிந்தன. அப்போது அது விதிப்படி தப்பே இல்லை. போஸி 2012-ல் திரும்பி வந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். கேட்சர்மேல் வேண்டுமென்றே மோதுவதற்குத் தடை 2014-ல் வந்தது. விதி மாற ஒரு நட்சத்திரத்தின் கால் ஒடிய வேண்டியிருந்தது. பெயர் தெரியாத எத்தனை கேட்சர்கள் அதற்கு முன்னால் இதேபோல் அடிபட்டிருப்பார்கள்! ஆபத்து இடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. தாழ்ந்த பந்தைச் சீக்கிரம் வாங்கினால் அம்பயர் ஸ்ட்ரைக் என்று சொல்ல வாய்ப்பு அதிகம் என்பதால் சமீப காலமாக கேட்சர்கள் பிளேட்டுக்கு இன்னும் நெருங்கி உட்காருகிறார்கள். 2024 மே மாதம் செயின்ட் லூயிஸின் வில்சன் கான்ட்ரெராஸ் கையுறையை நீட்டியபோது பேட்டரின் மட்டை அவர் முன்கையில் இறங்கி எலும்பை முறித்தது.

மகனுக்கு ஒருமுறை மாஸ்க்கில் பலமாக அடிபட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு அவன் கவசத்தின் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"வேற இடத்துல ஆடக் கூடாதாப்பா?"

"அங்கல்லாம் பந்து எப்பவாவதுதாம்மா வரும். இங்க எல்லாப் பந்தும் எங்கிட்ட வரும்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. தலைக்கவசத்தை மட்டும் கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தேன். பிள்ளை கேட்சராக இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடிபட்ட அன்று தலைவலி, குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்று எது இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை மைதானத்தில் விடாதீர்கள். பையன்கள் வலியை மறைப்பார்கள். கேட்சர் பையன்கள் இன்னும் அதிகமாக மறைப்பார்கள்.

பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடும், அதாவது பேஸ் திருடும், ரன்னரைப் பிடிக்கும் எறிதலை எல்லோரும் கவனிப்பார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடிக்குச் சற்று அதிகம். பந்து கையுறையில் பட்ட நொடியிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு வினாடி, 1.9 என்றால் அபாரம். குத்தவைத்த நிலையிலிருந்து எழுந்து, கையுறைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, கால் மாற்றி எறிவதெல்லாம் அதற்குள் அடக்கம். பிட்சர் எறிந்து முடிக்கவே 1.3 வினாடி எடுத்துக்கொள்கிறார் என்பதால் ரன்னருக்கு மொத்தம் 3.3 வினாடி கிடைக்கிறது. வேகமான ஆளுக்கு அது கிட்டத்தட்டப் போதும். 2023-ல் பேஸ்களைப் பெரிதாக்கி, பிட்சர் ரன்னரைத் தடுக்க எறிவதற்கும் வரம்பு வைத்ததில் திருட்டுகள் ஒரே வருடத்தில் 2,486-லிருந்து 3,503 ஆகிவிட்டன. கேட்சர்களின் கை திடீரென்று பலவீனமாகிவிடவில்லை. ஆனால் தப்பிப் போன ரன்னர் அவர்கள் கணக்கில்தான் ஏறுகிறார்.

கடைசியாக ஃப்ரேமிங். பிளேட்டின் ஓரத்தில் வரும் பந்தை கையுறை அலைபாயாமல், மெல்ல உள்ளே கொண்டுவந்து வாங்கினால் அம்பயர் அதை ஸ்ட்ரைக் என்று சொல்ல வாய்ப்பு கூடுகிறது. கேட்சர்களுக்கு இது காலகாலமாகத் தெரியும். இதன் மதிப்பு எவ்வளவு என்பது 2011-ல் மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் பந்தின் பாதையைப் பதிவுசெய்யும் கேமராத் தரவுகளை வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் வெளியே தெரிந்தது. முன்வரிசையில் இருந்தவர் ஹோஸே மோலினா. போர்ட்டோ ரிக்கோவின் மூன்று கேட்சர் சகோதரர்களில் ஒருவர். பேட்டிங்கில் சுமார், ஓட்டத்தில் அதைவிடச் சுமார். அதே ஆண்டு இறுதியில் டாம்பா பே ரேஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அவர் கையில் இருந்த வித்தைக்கு ஒரு எண் கிடைத்தபோது அவருக்கு 36 வயது.

இப்போது அந்த வித்தைக்கே முடிவு வந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். 2024 முதல் கொரிய லீக்கில் பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதை முழுக்க இயந்திரமே சொல்கிறது. அங்கே ஃப்ரேமிங் செல்லாது. மேஜர் லீக் 2026 சீசனுக்கு எடுத்த வழி வேறு. தீர்ப்பு அம்பயருடையதுதான், அதை இயந்திரத்தை வைத்துச் சரிபார்க்கக் கேட்க அணிக்கு இரண்டு முறையீடு, ஜெயித்தால் அது கழியாது. கேட்கும் உரிமை பேட்டர், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, தலையைத் தட்டிக் காட்டி உடனே கேட்டுவிட வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. இரண்டே முறையீடு என்பதால் பெரும்பாலான பந்துகளுக்கு அம்பயர் சொன்னதுதான் நிற்கும், ஆகவே கையுறையின் வித்தைக்கு இன்னும் வேலை இருக்கிறது. 2025 பயிற்சி ஆட்டங்களில் இதைச் சோதித்துப் பார்த்தபோது பிட்சர்கள் கேட்டதைவிட கேட்சர்கள் கேட்டதுதான் அதிகம் ஜெயித்தது. பிட்சர் தான் போட நினைத்த பந்தைப் பார்க்கிறார், கேட்சர் வந்து சேர்ந்த பந்தைப் பார்க்கிறார். எட்டாவது இன்னிங்ஸில், ஒரே ஒரு முறையீடு மிச்சமிருக்கும்போது, ஆத்திரத்தில் தலைக்குக் கை கொண்டுபோகும் பிட்சரைக் கண்ணாலேயே அடக்கி, அடுத்த பந்துக்கு வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பதும் இனி அவர் வேலை.